தோட்டத்து விளக்கை அணைத்தது யார்?

கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் வீட்டு விளக்கு எரிகிறது. மறுபடி தட்டினால் அணைகிறது. கடிகாரத்துக்கும் விளக்குக்கும் இடையில் கம்பி எதுவும் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு இது பெரிய சேதியே அல்ல. ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நேரமும் வெளிச்சமும் சேர்ந்து ஒரு தொழிலாளியின் மணிக்கட்டில் இருக்கின்றன என்பதுதான் அவருக்கு அதிசயமாக இருக்கும். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த இரண்டுமே துரையின் கையில் இருந்தன.

மலாயாவுக்கு மின்சாரம் வந்த கதையின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. 1894-இல் சிலாங்கூரின் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின் உற்பத்தி இயந்திரத்தைப் பொருத்தியவர்கள் இருவர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. மற்றவர் பத்துமலைக் கோயில் வரலாற்றோடு பிரிக்க முடியாதவரான கே.தம்புசாமி பிள்ளை. ரவாங் தெருவிலும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டத்து லயங்களுக்குள் நுழைய எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதுதான் கேள்வி.

தோட்டத்தில் இருட்டு என்பது வெறும் வசதிக் குறைவு மட்டுமல்ல, அது வேலை நேரமும்கூட. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்புதான் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பால் வடிவது குறையும். ஆகவே மரம் வெட்டுகிறவர் இருட்டிலேயே வெட்டுக்குப் போயாக வேண்டும். வெட்டுக்கு முன் பெரட்டு, பெரட்டுக்கு முன் சமையல். அதற்கும் முன்பே எழுந்தாக வேண்டியவர்கள் பெண்கள். சோறு ஆக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாகப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். தண்டல் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலிக்கு ஆபத்து.

அந்த இருட்டில் அவருக்குச் சொந்தமான விளக்கு ஒன்று இருந்தது. அது நெற்றியில் இருந்தது. மண்ணெண்ணெய்த் திரி, கார்பைட், பிறகு பேட்டரி என்று அந்த நெற்றி விளக்கு உருமாறி வந்திருக்கிறது. கார்பைட் கட்டியின் மேல் தண்ணீர் சொட்டும். அசிட்டிலின் வாயு கிளம்பும். அது எரிந்து பளீரென்று வெளிச்சம் தரும், கூடவே ஒரு நாற்றமும் வரும். ஏற்றுவதும் அணைப்பதும் தொழிலாளியின் இஷ்டம்தான். ஆனால் அந்த வெளிச்சம் விழுந்ததெல்லாம் கம்பெனி மரத்தின் மேல்!

லயத்து வீட்டில் பல காலம் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு பல தோட்டங்களில் டீசல் இஞ்சின் வந்தது. தோட்டத்திலேயே ஒரு கொட்டகை, அதற்குள் இஞ்சின், அதை ஓட்ட ஓர் ஆள். மாலையில் சில மணி நேரம், விடியற்காலையில் பெரட்டுக்கு முன் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் மின்சாரம். இரவு பத்து மணி வாக்கில் இஞ்சின் நின்றால் லயம் முழுவதும் ஒரே சமயத்தில் இருளும். வீட்டுச் சுவரில் சுவிட்சு இருந்தது உண்மைதான். ஆனால் உண்மையான சுவிட்சு இஞ்சின் கொட்டகையில் இருந்தது. எத்தனை மணிக்கு வெளிச்சம் வேண்டும் என்று லயத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுப்படியில் இருப்பவளுக்கோ, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கோ அதில் எந்தச் சலுகையும் கிடையாது. பிள்ளை மறுபடி மண்ணெண்ணெய் விளக்கைத் தேட வேண்டியதுதான். தோட்டப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இந்த இஞ்சின் நேரத்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

மணியும் துரையுடையதே

வெளிச்சத்தைப் போலவேதான் நேரமும். லயத்தில் கடிகாரம் இல்லாத காலத்தில் பெரட்டு மணிதான் கடிகாரம். அந்த மணியும் நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. தீபகற்பத்தின் நேரத்தை அரசாங்கங்கள் பலமுறை மாற்றியிருக்கின்றன. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தை நாட்டின் நேரமாக்கினார்கள். கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடியது. அந்தக் கணக்கில் சிரம்பானில் சூரியன் உதிக்கும்போது காலை எட்டு மணி தாண்டியிருக்கும்! 1945-இல் பழைய நேரம் திரும்பியது.

கடைசி மாற்றம் பலருக்கும் நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குக் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள். சபா, சரவாக்கோடு தீபகற்பத்துக்கும் ஒரே நேரம் வேண்டும் என்பது டாக்டர் மகாதீர் அரசாங்கத்தின் முடிவு. அதுவரை சுமார் 6.40-க்கு விடிந்த சிரம்பானில் அதன் பிறகு 7.10 வாக்கில் விடியலாயிற்று. அலுவலகத்தில் இருப்பவருக்கு இது முள்ளைத் திருகும் வேலை. தோட்டத் தொழிலாளிக்கு அப்படியல்ல. மரத்துக்குக் கடிகாரம் தெரியாது, அது சூரியனைத்தான் பார்க்கும். பெரட்டு மணியை மாற்றாவிட்டால் தொழிலாளிக்கு அரை மணி நேரம் இருட்டு கூடும். எந்தப் பக்கம் முடிவு எடுத்தாலும் எடுப்பவர் அவர் அல்ல.

இடையில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன, முள்வேலி வந்தது, ஊரடங்கு வந்தது. எப்போது வீட்டை விட்டு வெளியே வரலாம் என்பதையும் வேறொருவர் தீர்மானித்த காலம் அது.

நாட்டின் மின்சார நிர்வாகம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 1949 செப்டம்பரில் மத்திய மின்சார வாரியம் உருவானது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. நம்மவர் வாயில் ‘லெட்ரிக்’ என்றால் அந்த லெம்பாகா லெட்ரிக் நெகாராதான். 1990-இல் அதுவே தெனாகா நேஷனல். போர்ட்டிக்சன் கடலோரத்தில் துவாங்கு ஜாபார் மின்நிலையம் எழுந்து மாநிலத்துக்கு அப்பாலும் மின்சாரம் அனுப்பியது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். பொதுச் சாலை வரை வந்த மின்கம்பி அதைத் தாண்டி லயத்துக்குப் போக முதலாளி மனம் வைக்க வேண்டும், செலவும் செய்ய வேண்டும். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி.பி.நாராயணன் தலைமைச் செயலாளராக இருந்த நீண்ட காலத்தில், கூலியோடு வீட்டு வசதியையும் பேசியது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற சட்டம் 1966-இல் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் வந்த சட்டம் குழாய் நீரையும் போதிய மின்சாரத்தையும் முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. ரவாங்கில் விளக்கு எரிந்து அப்போது 96 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆலையில் செய்த சில்லு

இதற்குள் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் வெட்டுக்குப் போவதை விட்டுவிட்டு ஆலை பஸ் ஏறினார்கள். செனவாங் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள்கள், சில்லுகள். மோட்டோரோலாவின் சிரம்பான் சில்லு ஆலை 1999-இல் ஆன் செமிகண்டக்டர் என்று பெயர் மாறியது. கோலாலம்பூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1972-லேயே கால் ஊன்றிவிட்டது. கம்பியில்லாமல் விளக்கை இயக்கும் கருவிகளின் உயிர் இத்தகைய சில்லுகளில்தான் இருக்கிறது. தாய் கோப்பையில் பால் சேர்த்தாள். மகள் நுண்ணோக்கியில் கண் வைத்துச் சில்லு பார்த்தாள். அங்கேயும் மணி அடித்தால்தான் ஓய்வு. அது வேறு கதை.

தூரத்திலிருந்து வீட்டு விளக்கை இயக்கும் எண்ணம் புதிதல்ல. 1975-இல் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்10 முறை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின்கம்பி வழியாகவே கட்டளையை அனுப்பியது. 1993-இல் கேசியோ நிறுவனம் தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. 1994-இல் டைமெக்ஸும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து வெளியிட்ட டேட்டாலிங்க் கடிகாரம் இன்னும் வேடிக்கை. கணினித் திரையில் கோடுகள் மினுக்கும். கடிகாரத்தை அதற்கு நேரே காட்டினால் தகவல் உள்ளே போய்விடும். கடிகாரம் விளக்குக்குக் கட்டளை இடுவதற்கு முன்பே, வெளிச்சம் கடிகாரத்துக்குக் கட்டளை இட்டுவிட்டது!

2009-இன் இறுதியில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வெளியிட்ட குரோனோஸ் கடிகாரம்தான் வீட்டிலிருந்தபடி சோதனை செய்யும் ஆர்வலர்களுக்கு வழி திறந்தது. விலை 49 அமெரிக்க டாலர். ஒரே சில்லுக்குள் சிறு கணினியும் வானொலிக் கருவியும். பொத்தானை அழுத்தினால் கடிகாரம் ஒரு குறியீட்டை வானொலி அலையாக அனுப்பும். கணினியில் செருகிய சிறு ஏற்பி அதைப் பிடிக்கும். கணினி ஒரு ரிலேவைத் தூண்டும். ரிலே என்பது காந்தத்தால் இயங்கும் சுவிட்சு. சிறு மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும். ‘டிக்’ என்ற சத்தம், விளக்கு எரிகிறது. வீட்டு மின்சாரம் விளையாட்டல்ல என்பதால், இப்படிப்பட்ட வேலையில் சுவரைத் திறக்க வேண்டியவர் உரிமம் பெற்ற வயர்மேன் மட்டுமே. இன்னொன்று, தானியங்கிக் கேட் ரிமோட்களில் பலவும் இதே போன்ற 433 மெகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன. குறியீடு மாறாத ரிமோட் என்றால் அடுத்தவர் அதைப் பதிந்துகொண்டு திரும்ப அனுப்பிவிடலாம்.

குரோனோஸின் சிறப்பு அதன் நிரலை வாங்கியவரே மாற்றி எழுத முடிந்ததுதான். எந்தப் பொத்தான் எந்த விளக்கு என்று முடிவு செய்பவர் கடிகாரம் கட்டியிருப்பவர். தயாரித்த நிறுவனத்தைக் கேட்க வேண்டியதில்லை.

பின்னர் வந்த விவேகக் கடிகாரங்களும் விளக்குகளும் அழகாக இருக்கின்றன, சுலபமாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் கட்டளை மணிக்கட்டிலிருந்து நேராக விளக்குக்குப் போவதில்லை. இணையம் வழியாக எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து பக்கத்து அறை விளக்கை ஏற்றுகிறது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியோன் நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் தன் சர்வர்களை நிறுத்தியது. அதன் கருவிகளை வீட்டில் பொருத்தியிருந்தவர்கள் கைத்தொலைபேசியில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், பதில் இல்லை. சுவரில் இருந்த சுவிட்சு வேலை செய்தது என்பது ஆறுதல். சில வாரங்கள் கழித்துப் பயனீட்டாளர் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மறுபடி உயிர் கொடுத்தார்கள். இதை லயத்தில் வாழ்ந்தவரிடம் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. இஞ்சின் கொட்டகையில் ஆள் இல்லை, அவ்வளவுதானே என்பார்.

பகாவ் பக்கம் கெடிஸ், ஜெராம் பாடாங்; போர்ட்டிக்சன் வட்டாரத்தில் லின்சம், சுவா பெத்தோங்; லாபு பக்கம் கெர்பி என்று தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நிற்கின்றன. தோட்டத்தில் இருந்த குடும்பங்களில் பெரும்பகுதி தாமானுக்கு வந்துவிட்டது. இன்று தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெருவாரியானோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்கும் இடத்துக்கான சட்டமும் 2019-இல் திருத்தப்பட்டது. இரவில் அந்த விடுதி விளக்கு எப்போது அணைய வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்க நமக்கு எல்லாரையும்விட அதிக உரிமை உண்டு.

தாமான் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். முழங்கால் வலி. இரவில் கழிவறைக்குப் போகச் சுவர் வரை நடந்துதான் விளக்குப் போட வேண்டும். பேரன் ஒரு கடிகாரம் வாங்கித் தர நினைத்தால், கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்டு வாங்கிவிட வேண்டாம். இணையம் இல்லாதபோது விளக்கு எரியுமா, சுவர்ச் சுவிட்சு அப்படியே வேலை செய்யுமா, நிறுவனம் மூடினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். 2022 முதல் வரும் ‘மேட்டர்’ முத்திரை உள்ள விளக்குகள் சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கட்டளை ஏற்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. பழைய குரோனோஸ் கிடைத்தால் அதுவும் ஆகும். அதற்கு வேண்டிய சிஆர்2032 வட்ட பேட்டரி சிரம்பான் கடைத்தெருவில் கிடைக்கிறது.