நான்கு வடிவங்கள் காத்த இசை

அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் அச்சிட்டு இன்று எஞ்சியுள்ள நூல்களுள் மிகப் பழையது ஒரு பாட்டு நூலாகும். விவிலியத்தின் சங்கீதங்களை ஆங்கிலச் செய்யுளாக்கித் தந்த அந்நூல், 1640-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸில் வெளிவந்தது. அதில் சுரக்குறிகள் இல்லை. 1698-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 13 மெட்டுகள் இடம்பெற்றன. சுரம் படிக்க அறிந்தோர் அருகியதால், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கச் சபையார் பின்பாடினர். நாளடைவில் மெட்டுகள் ஊருக்கு ஊர் திரிந்தன.

இக்குறையைப் போக்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் பாட்டுப் பள்ளிகள் தோன்றின. ஊர்தோறும் சென்ற ஆசிரியர்கள் சில வாரங்கள் தங்கிச் சுரம் கற்பித்தனர். அச்சூழலில் உழைப்பாளிகளே இசையமைப்பாளர் ஆயினர். தோல் பதனிடும் தொழிலினரான பாஸ்டன் வில்லியம் பில்லிங்ஸ் 1770-லும், சீப்புத் தொழிலினரான டேனியல் ரீட் 1785-லும் தத்தம் முதல் நூல்களை வெளியிட்டனர். ஐசக் வாட்ஸ் 1719-ல் வெளியிட்ட சங்கீதத் தழுவல்கள் இத்தகையோர்க்குப் பெரிதும் பயன்பட்டன. கருவித் துணையின்றி நான்கு குரல்கள் இசைக்கும் இப்பாடல்களில் முதன்மை மெட்டு டெனர் குரலுக்கு உரியது. சிலவற்றில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நுழைந்து, இறுதியில் ஒருங்கு கூடும்.

ஏழு சுரங்களையும் ஃபா, சோல், லா, மி என்னும் நான்கு பெயர்களால் பாடுவது ஆங்கிலேயரிடமிருந்து வந்த வழக்கம். முதல் மூன்றும் இருமுறை வரும். மி ஒருமுறையே வரும். வில்லியம் லிட்டில், வில்லியம் சுமித் ஆகிய இருவரும் 1801-ல் வெளியிட்ட நூலில் இப்பெயர்களுக்கு வடிவம் தந்தனர்: ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி சாய்சதுரம். குறியின் உருவைக் கண்ட மாத்திரத்தில் சுரத்தின் பெயர் விளங்கியது. சுருதி மாறுந்தோறும் கணக்கிட்டுத் தடுமாறும் துன்பம் நீங்கியது.

ஆயினும் பாஸ்டன் போன்ற நகரங்களில் ஐரோப்பிய இசையிலக்கணமே உயர்ந்ததென்னும் கருத்து வலுப்பெற்றது. லோவெல் மேசன் முதலிய சீர்திருத்தவாதிகளின் செல்வாக்கால் பழைய பாடல்கள் ஒதுக்கப்பட்டன. வடிவக் குறிகளோ மந்தமதியினர்க்கு உரியவை என்று எள்ளப்பட்டன. ஒதுக்கப்பட்டவற்றைத் தென் மாநில உழவர்கள் ஏற்றுக்கொண்டனர். 1835-ல் வில்லியம் வாக்கரின் ‘சதர்ன் ஹார்மொனி’யும், 1844-ல் ஒயிட், கிங் இருவரின் ‘சேக்ரெட் ஹார்ப்’பும் வடிவக் குறிகளோடு எழுந்தன.

பின்னது இன்றளவும் பாடப்பெறுகின்றது. பாடகர்கள் சதுரமாய் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்து, முதலில் சுரப்பெயர்களையும் பின்னர்ச் சொற்களையும் பாடுகின்றனர். கேட்போர்க்கெனத் தனியிடம் இல்லை. வந்தோர் யாவரும் பாடுவோரே. கற்றோர் இகழ்ந்த எளிய குறியே அவர்கள் கைவிட்ட கலையைக் காத்தது. கல்வியை எளிதாக்குவது கலையைத் தாழ்த்துவதாகாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.