இல்லத்துச் சிற்பமும் இடத்தின் பெயரும்

சிற்பம் என்றவுடன் தமிழ் மக்களின் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது கோயிலாகும். கருவறையில் நிலைபெற்ற மூலமூர்த்தியும், விழாக்காலத்தில் வீதியுலா வரும் எழுந்தருளியும் வழிபாட்டிற்குரியன. மேசைமீதும் மாடத்திலும் கண்ணுக்கினிய பொருளாகச் சிறு சிற்பங்களை வைத்துப் பேணும் வழக்கமோ வேறொரு வரலாற்றினையுடையது. அவ்வழக்கம் மேனாடுகளில் செழித்து வளர்ந்த இடம் இத்தாலி. அவ்வரலாறு மட்டக்களப்புக் கடற்கரையோடும் ஒருவகையில் தொடர்புடையது என்பதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய நகரங்களில் பழைய உரோமரின் கலைகளை மீண்டும் கற்கும் ஆர்வம் எழுந்தது. மண்ணிலிருந்து வெளிப்பட்ட உரோமச் சிலைகள் பெரியன, கிடைத்தற்கு அரியன. கற்றோரும் செல்வரும் அவற்றின் சாயலைத் தம் அறையிலே காண விரும்பினர். அவ்விருப்பத்தை நிறைவேற்றியவை கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய சிறு வெண்கலச் சிலைகள். புளோரன்ஸ், பாதுவா, மாந்துவா ஆகிய நகரங்கள் இக்கலைக்குப் பெயர் பெற்றன. இச்சிலைகள் வைக்கப்பட்ட சிற்றறையை இத்தாலியர் ஸ்தூதியோலோ என அழைத்தனர். நூல்களும் நாணயங்களும் சிலைகளும் ஒருங்கே அமைந்த அவ்வறை கற்றலுக்கும் சிந்தனைக்கும் உரிய இடமாயிருந்தது.

மாந்துவா நகரின் அரசவைச் சிற்பியான அந்திக்கோ என்பார் இத்துறையில் தலைசிறந்தவர். 1528 இல் மறைந்த இவர், சிலையின் உடலுக்குக் கருமை தீட்டிக் கூந்தலுக்குப் பொன்முலாம் பூசிக் கண்களில் வெள்ளி பதித்தார். தென்னாட்டுத் தபதியர் மெழுகில் உருவமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். வார்த்தபின் மண்கரு உடைக்கப்படுதலால் ஒரு மெழுகுருவிலிருந்து ஒரு சிலையே பிறக்கும். அந்திக்கோவோ மூலவுருவிலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்தெடுக்கக்கூடிய அச்சுகளை அமைத்துக்கொண்டார். அவ்வச்சுகளில் மீண்டும் மெழுகு வார்த்து, ஒரே சிலையைப் பலமுறை ஆக்குதல் அவருக்கு எளிதாயிற்று.

1519 இல் அவர் தாம் முன்னர்ச் செய்த சிலைகளை மீண்டும் வார்த்துத் தருவதாக மாந்துவாவின் அரசியார் இசபெல்லா தெஸ்தேக்குத் தெரிவித்தார். அவ்வாறு ஆக்கப்பட்ட சிலைகளுள் ஒன்று, ஹெர்க்குலிஸ் என்னும் வீரன் அந்தேயுஸ் என்பவனை நிலத்தினின்றும் தூக்கி நெரிக்கும் காட்சி. அதன் அடிப்புறத்தில் இசபெல்லாவின் பெயர் இலத்தீன் எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அரசியார் 1539 இல் மறைந்தபின், 1542 இல் அவருடைய சேகரத்துக்கு ஒரு பட்டியலும் எழுதப்பட்டது. 1630 இல் மாந்துவா பகைவரால் சூறையாடப்பட்டது. அரண்மனைச் செல்வங்கள் பல நாடுகளுக்குச் சிதறின. எனினும் இன்று வியன்னா நூதனசாலையிலுள்ள அச்சிலை, தான் யாருக்காக ஆக்கப்பட்டது என்பதனைத் தானே சொல்லி நிற்கின்றது.

காலப்போக்கில் இச்சிற்பங்கள் அரண்மனையைக் கடந்து பிறர் இல்லங்களையும் அடைந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைப் பட்டறையினர் புகழ்பெற்ற சிலைகளின் சிறு வெண்கலப் படிகளை விலைப்பட்டியலிட்டு விற்றனர். இத்தாலிக்கு யாத்திரை வந்த ஆங்கிலச் செல்வர் அவற்றை வாங்கித் தம் வீட்டு அடுப்பங்கரை மாடத்தின்மேல் வரிசையாக வைத்தனர். லூக்கா நாட்டுப்புறத்து ஏழைத் தொழிலாளரோ வெண்சாந்தினால் உருவங்கள் வார்த்து, பலகையில் அடுக்கித் தலைமேற் சுமந்து, ஐரோப்பிய நகரங்களின் தெருக்களிற் கூவி விற்றனர்.

இந்தியச் செல்வரும் இவ்வார்வத்திற்கு விலக்கல்லர். இராஜேந்திர மல்லிக் என்பார் 1835 இல் கல்கத்தாவில் எழுப்பிய சலவைக்கல் மாளிகை மேனாட்டுச் சிற்பங்களால் நிறைந்தது. ஐதராபாத்து முதலமைச்சர் முதலாம் சாலார் ஜங் 1876 இல் உரோமையில் ‘முகத்திரை அணிந்த ரெபேக்கா’ என்னும் சலவைக்கற் சிலையை வாங்கினார். ஜோவன்னி மரியா பென்சோனி செதுக்கிய அச்சிலையில், மெல்லிய துணியினூடே முகம் தெரிவது போன்ற தோற்றம் கல்லிலே அமைந்துள்ளது. 1951 இல் திறக்கப்பட்ட சாலார் ஜங் நூதனசாலையில் அது காண்போரைக் கவர்ந்துவருகின்றது. அதனைச் செதுக்கியவர், வாங்கியவர், வாங்கிய ஆண்டு ஆகிய யாவும் தெரிந்துள்ளன.

சிற்பங்கள் மேற்கிலிருந்து கிழக்கிற்கு வந்தமை போலக் கிழக்கிலிருந்து மேற்கிற்குச் சென்றமையும் உண்டு. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரில், 1938 இல் ஒரு வீட்டை அகழ்ந்தபொழுது இந்திய யானைத்தந்தத்தாலான பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. உயரம் ஏறத்தாழ 25 சென்றிமீற்றர். அதன் அடியில் கரோஷ்டி எழுத்தொன்று காணப்படுகின்றது. தக்கணத்திலுள்ள தேர், போகர்தன் என்னும் ஊர்களிலும் இதனையொத்த உருவங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அது யாதேனும் ஒரு தளபாடத்தின் உறுப்பாக அமைந்திருக்கலாம் என்பர். கண்டெடுத்த வீடும் காலத்தின் கீழெல்லையும் ஐயமின்றித் தெரிதலால், முதலாம் நூற்றாண்டிலேயே இந்தியக் கைவினை இத்தாலிய இல்லமொன்றை அணிசெய்தது என்று துணிந்து கூற முடிகின்றது. ஒரு சாண் உயரமே உள்ள சிற்பம் இரு நாட்டு வணிக வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

இனி மட்டக்களப்பை நோக்குவோம். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கின்றது. உயரம் 143 சென்றிமீற்றர். உள்ளே வெற்றிடமின்றிக் கட்டியாக வார்க்கப்பட்டது. வலக்கை வரதம் காட்டுகின்றது. கி.பி. எட்டாம் நூற்றாண்டளவினதெனக் கருதப்படும் இவ்வுருவம் மகாயான பௌத்தத்தின் அருட்டெய்வமாகும். 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிறவுன்றிக் அதனைத் தம்முடன் கொண்டு சென்று, 1830 இல் நூதனசாலைக்கு வழங்கினார். இடைக்குமேல் ஆடையற்ற அவ்வுருவம் அக்கால ஆங்கிலேயருக்குக் கூச்சம் விளைத்தமையால், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அறிஞர் மட்டுமே காணும்படி மறைவாக வைக்கப்பட்டது. வரத முத்திரையின் பொருளறிந்தோர் அருளைக் கண்டிருப்பர். அறியாதோர் வேறொன்றைக் கண்டனர்.

அச்சிலை கிடைத்த இடமாகக் கூறப்படுவது யாது? திருகோணமலைக்கும் மட்டக்களப்பிற்கும் இடைப்பட்ட கடற்கரை என்பதே. அவ்விரு நகரங்களுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரை கிடக்கின்றது. கழிமுகங்களும் களப்புகளும் காடுகளும் உள. அக்கரையின் எவ்வூரில், எவ்விடிபாட்டில், எத்தகைய மண்ணில் அவ்வுருவம் கிடந்தது என்பது எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருப்பின், அது துறைமுக வணிகர் வழிபட்ட ஆலயத்திற்குரியதா, உள்நாட்டு விகாரையொன்றிற்குரியதா, ஆபத்துக் காலத்தில் ஒளித்துவைக்கப்பட்டதா என ஆராய இயலும். அத்துணைப் பெரிய சிலையை வார்ப்பித்த செல்வம் கீழ்க்கரையின் எப்பகுதியில் இருந்தது என்பதும் புலனாகும். சிலை அழியாமல் இருக்கின்றது. அதனோடு கூடியிருந்த ஊரின் வரலாறு மறைந்துவிட்டது.

இதே கீழ்க்கரையில் நிகழ்ந்த மற்றொன்று இதற்கு மாறானது. 1950 இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபொழுது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தமை வரலாறு. ஆலயத்திற்கு அண்மையிலேயே கண்டெடுக்கப்பட்டமையால் அத்திருவுருவங்கள் எவ்வாலயத்திற்குரியன என்பதில் மயக்கம் எழவில்லை. அவை மீண்டும் கோணேசர் ஆலயத்தை அடைந்தன. கிடைத்த இடம் தெரிந்தமையால் திருவுருவங்கள் தம் இடத்தை அடைந்தன. அது தெரியாமையால் தாரையின் ஊர் பெயரற்றுப் போயிற்று.

ஆகவே, சேகரிப்போர் கடமை பொருளை வாங்கித் துடைத்து வைப்பதோடு முடிவதில்லை. இக்கடமை செல்வர்க்கும் நூதனசாலைகளுக்கும் மட்டும் உரியதன்று. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் உள்ள பழைய இல்லங்களில் குத்துவிளக்கும் செம்பும் வெற்றிலை வட்டாவும் ஏடுகளும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டன. 1978 இன் சூறாவளியும், 2004 இன் ஆழிப்பேரலையும், 2009 வரை நீடித்த போரும் இக்கரையின் எத்தனையோ வீடுகளை அழித்தன. குடும்பங்கள் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்றன. அவற்றோடு சென்ற பொருள்கள் இன்று அயல்நாட்டு மாடங்களில் இத்தாலியச் சிலைப்படிகளுக்கு அருகிலும் நிற்கக்கூடும். பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் அவை அழகிய பழம்பொருள்களாக மட்டுமே தோன்றுதல் இயல்பு.

இவ்விழப்பைத் தடுத்தற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இது இன்ன ஊரினது, இன்னார் கையிலிருந்து இன்ன ஆண்டில் வந்தது, இன்ன சடங்கில் வழங்கியது என ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்தல் போதும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பொருள்களுக்கு முதியோரிடம் கேட்டு இத்தகைய பட்டியலொன்றைத் தயாரித்தல், வரலாற்றுக் கல்வியின் முதற் பாடமாக அமையத்தக்கது. சூறையாடப்பட்ட மாந்துவாவின் சிறு சிலையை அடையாளங் காட்டியவை அதன் அடியிற் பொறித்த சில எழுத்துக்களே. அத்தகைய ஒரு வரி தாராதேவியோடும் சென்றிருப்பின், கீழ்க்கரையின் எட்டாம் நூற்றாண்டு இன்று இத்துணை இருளில் இராது.