கண் ஓரிடம், காது ஓரிடம்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குமிடத்தில் கோவிந்தாபுரம் அமைந்துள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது இப்பகுதி கேரளத்தோடு சேர்ந்தது. எனினும் தமிழ்ப் பேச்சு எல்லைக் கோட்டோடு நின்றுவிடவில்லை. மலையாளம் விரவிய இவ்வட்டாரத் தமிழுக்குத் தனியொரு சுவை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயை அடுத்த நிலம் இது. ஆடி மாதத்தில் அக்கணவாய் வழியே வீசும் காற்றின் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் விடுமுறையில் ஊர் திரும்புங்கால், பாட்டனார், பாட்டிமார் பேச்சை வீடியோக் காமிராவில் பதிந்து செல்ல விரும்புகின்றனர். படம் தெளிவாக அமைகிறது. பேச்சோ காற்றிரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. இதன் காரணத்தைப் பேசும் படத்தின் வரலாறு நமக்குக் கூறும்.

அர்தேஷிர் இரானி பம்பாயில் எடுத்த இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச்சில் வெளிவந்தது. ஒளியும் ஒலியும் அதில் ஒரே பிலிமில் ஒருங்கே பதிவாயின. ஒலிவாங்கிகளை நடிகர்களுக்கு அருகிலேயே, பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்து வைத்தனர். அருகில் ரயில் பாதை இருந்தமையால் பெரும்பாலும் இரவிலேயே படம் பிடித்தனர். அதே ஆண்டு அக்டோபரில் இரானியின் தயாரிப்பிலேயே ‘காளிதாஸ்’ வெளிவந்து, தமிழ் பேசும் படத்துக்கு வழி திறந்தது.

ஒலிவாங்கி ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் நடிகரும் நிலைத்து நிற்க வேண்டுமன்றோ? அமெரிக்காவில் 1929-இல் டாரதி ஆர்ஸ்னர் என்னும் பெண் இயக்குநர், தூண்டிற்கோல் போன்ற கழியில் ஒலிவாங்கியைக் கட்டி, நடிகையின் தலைக்கு மேலே தொடர்ந்து செல்லச் செய்தார். காமிரா எட்ட நிற்க, ஒலிவாங்கி வாயை அணுகியது. கண் ஓரிடம், காது ஓரிடம் என்னும் இப்பிரிவே ஒலிப்பதிவுக் கலையின் அடிப்படை.

சென்னையிலேயே உருவான முதல் தமிழ்ப் பேசும் படம் 1934-இல் வெளிவந்த ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’. அதன் ஒலிப்பதிவைச் செய்தவர் மீனாட்சி நாராயணன் என்னும் பெண்மணி. பின்னாளில் படப்பிடிப்பு கூடத்தை விட்டு வயலுக்கும் தோப்புக்கும் சென்றது. வெளியிடத்துக் காற்றை வெல்லுவதினும் உரையாடலைப் பின்னர்க் கூடத்தில் பேசிச் சேர்ப்பதே எளிதென்று கண்டனர், டப்பிங் வழக்கமாயிற்று. ‘விருமாண்டி’ (2004) போன்ற படங்கள் மீண்டும் களத்திலேயே குரலைப் பதிந்தன.

1983-இல் காமிராவும் பதிவுக் கருவியும் ஒன்றான வீடியோக் கருவி வீடுகளுக்கு வந்தது. அதனுடன் ஒரு சிக்கலும் வந்தது! ஒலிவாங்கி காமிராவின் உடலிலேயே ஒட்டிக்கொண்டது. கருவியைப் பிடித்த விரலின் உராய்வையும் அது கேட்கிறது. இன்றைய கைப்பேசிக்கும் இது பொருந்தும். நடிகராயின் கூடத்துக்கு வந்து மறுமுறை பேசிவிடுவார். எண்பது வயதுப் பாட்டி அன்று சொன்ன கதையை அதே குரலில் மறுபடி யார் சொல்வார்?

ஆதலின் தனி ஒலிவாங்கி ஒன்று வேண்டும். திறந்த வெளியில் மூன்று மீட்டர் தொலைவில் உள்ள ஒலிவாங்கியை முப்பது சென்டிமீட்டருக்குக் கொணர்ந்தால், குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ பத்து மடங்காகும். ஒருவரே அமர்ந்து பேசுவாராயின், உடையில் செருகும் சிறு ஒலிவாங்கி சாலச் சிறந்தது. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, சேலை மடிப்போ சங்கிலியோ உரசாதபடி அதைப் பொருத்துக.

நீண்ட குழாய் வடிவ ஒலிவாங்கி, தான் நோக்கும் திசையொலியை மிகுதியாகக் கேட்கும். ஆயினும் காமிராவின் உச்சியில் பொருத்தினால் தொலைவு குறைவதில்லை. கழியில், அதிர்வைத் தாங்கும் ரப்பர்ப் பிடியில் மாட்டி, படத்தின் விளிம்புக்கு வெளியே, பேசுபவரின் தலைக்குச் சற்று முன்னும் மேலுமாகப் பிடிப்பதே முறை.

இளங்காற்றுக்கு நுரைப்பஞ்சு உறை போதும்; கணவாய்க் காற்றுக்கு மயிரடர்ந்த உறை வேண்டும். சுவரின் மறைவில் அமர்த்துவது செலவற்ற வழி. கைப்பேசிக்குரிய செருகியும் காமிராவுக்குரிய செருகியும் ஒன்றுபோலத் தோன்றினும் அமைப்பால் வேறுபடும், வாங்குமுன் கேட்டறிக. குரலைத் தனிக் கருவியில் பதிந்தால், தொடக்கத்தில் காமிராவின் முன் ஒருமுறை கைதட்டுங்கள். படத்தையும் ஒலியையும் பிறகு இணைக்க அந்த ஓசை அடையாளமாகும்.

பதிவைத் தொடங்குமுன் காதணிக் கருவியை மாட்டி ஒரு நிமிடம் கேளுங்கள். ஊருக்குச் செல்லும் நாட்கள் சில. சொல்ல வேண்டிய கதையுள்ள முதியோரும் சிலரே.