வுட்ஸ்டாக்கில் ஒரு செட்டிபாளையத்துக்காரர்

செட்டிபாளையம் என்றால் எங்கள் செட்டுப் பையன்களுக்கு ஒரே அர்த்தம்தான்: ரேஸ். 2003-இல் அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. போத்தனூர் தாண்டித் தெற்கே போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவிலிருந்து கார்கள் அலறுவது கேட்கும். ரேஸ் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனின் ஆர்எக்ஸ் 100-இல் பின்னால் உட்கார்ந்து போவேன். காதில் இயர்போன். பெரும்பாலும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்தான். 1969 வுட்ஸ்டாக் விழாவில் அவர் கிட்டாரைக் கதறவிட்டு வாசித்த அமெரிக்க தேசிய கீதத்தை அந்த ரோட்டில் மட்டும் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஹெண்ட்ரிக்ஸ் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால், அதே மேடையில் செட்டிபாளையத்துக்காரர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

*

என் கிறுக்கு ஒரு சிடியில் ஆரம்பித்தது. ஹாஸ்டல் சீனியர் ஒருவர் கொடுத்தது. மேலே மார்க்கர் பேனாவால் ‘60ஸ்’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஹெண்ட்ரிக்ஸ், தி டோர்ஸ், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன், ஆரம்பகாலப் பிங்க் ஃப்ளாய்ட், 1966-க்குப் பிந்தைய பீட்டில்ஸ். சைகடெலிக் ராக் என்ற சொல்லையே அந்த சீனியர் சொல்லித்தான் தெரியும். ‘சைகடெலிக்’ என்பதை 1950களில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் எல்எஸ்டி போன்ற பொருட்களுக்காக உருவாக்கினார். மனதை வெளிக்காட்டுவது என்று பொருள். பத்து வருஷத்துக்குள் அது ஒரு இசையின் பெயராகிவிட்டது. நாடாவைத் தலைகீழாக ஓட்டுவது, ஒலிபெருக்கிக்கு முன்னால் கிட்டாரைப் பிடித்து அதை ஊளையிட வைப்பது, ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் போவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

கணபதியில் அப்பாவுக்குச் சின்ன லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். ஒருநாள் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து நின்றார்.

“ஏஞ்சாமி, இதுல பாட்டு எப்ப வரும்?”

“இதுதானுங்ப்பா பாட்டு.”

“டூல் மழுங்கிப்போன லேத்தாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அப்பாவுக்குப் புரியாத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டதே! எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. படிப்புக்கு ஒரு கணக்கு, கல்யாணத்துக்கு ஒரு கணக்கு, ஒரு ஷாஃப்ட்டுக்கு எத்தனை நிமிஷம் என்பதற்கும் கணக்கு. இந்தப் பாட்டுகளுக்கு அது கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் என்னைக் கொண்டுபோய் விட்டன. தூரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

*

பல வருஷம் கழித்து யூடியூப்பில் அந்தக் காட்சி சிக்கியது. காவி கட்டிய, நீண்ட தாடி வைத்த ஒருவர் வுட்ஸ்டாக் மேடையில் உட்கார்ந்து பேசுகிறார். சுவாமி சச்சிதானந்தா என்று போட்டிருந்தது. வடநாட்டுச் சாமியாராக இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். முதல் இரண்டு வாக்கியத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஆங்கிலத்தை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் எங்கள் பெரியப்பா, வங்கி மேனேஜரிடம் பேசுகிற ஆங்கிலம் அது. நிறுத்தி, அழுத்தி, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி.

தேடினேன். 1914 டிசம்பர் 22, செட்டிபாளையம். பெயர் ராமசாமி. கவுண்டர் குடும்பம். வாகனத் தொழிலில் இருந்தவர். கல்யாணமாகி இரண்டு மகன்கள். மனைவி சின்ன வயதிலேயே இறந்துவிட, பிள்ளைகளைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு ஆன்மிகத் தேடலில் இறங்கியிருக்கிறார். திருப்பராய்த்துறையில் சுவாமி சித்பவானந்தரிடம் இருந்தார். சித்பவானந்தரும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்தான். 1949-இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். குரு அவரை 1950களில் இலங்கைக்கு அனுப்பினார். திருகோணமலையிலும் கண்டியிலும் யோகம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் கான்ராட் ரூக்ஸ் என்ற அமெரிக்கர் அவரைச் சந்தித்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட தன் சொந்தக் கதையையே ‘சப்பாக்வா’ என்ற படமாக எடுத்தவர் ரூக்ஸ். அவர் அழைப்பில் சுவாமி 1966-இல் பாரிசுக்குப் போக, அங்கே பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியரைப் பார்க்கிறார். அறுபதுகளின் சைகடெலிக் போஸ்டர் என்றதும் நம் கண்ணில் வருகிற வானவில் நிறங்கள், நட்சத்திரங்கள், வழிந்தோடும் கோடுகள் எல்லாம் யாருடைய கைவண்ணமோ அந்த மேக்ஸ்தான். தன் நண்பர்கள் போதையில் அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்த மேக்ஸ், சுவாமியை நியூயார்க்குக்குக் கூட்டிப் போனார். சில நாள் தங்கல் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதே 1966 அக்டோபரில் கலிஃபோர்னியா எல்எஸ்டியைச் சட்டவிரோதமாக்கியது.

அதற்கு முந்தைய வருஷம், 1965-இல், பிரெண்டா பெக் என்ற இளம் மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கை அடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையை இரவிரவாக ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். எங்கள் ஆத்தா அந்தக் கதை கேட்டு வளர்ந்தவள். உடுக்கை ஏற ஏற ஆட்களுக்குச் சாமி வந்துவிடும், விடிகிற வரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று சொல்வாள். கிரேட்ஃபுல் டெட் குழு ஒரே பாட்டை அரை மணி நேரம் வாசிப்பதை நான் நண்பர்களிடம் பீற்றிக்கொண்ட காலத்தில், ஆத்தா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளிடம் ஒருவாட்டிகூட நான் கேட்டதில்லை.

*

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. நம்மூர்ப் பள்ளிகளில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாள். நியூயார்க் மாநிலத்தில் பெத்தேல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் மாட்டுப்பண்ணையில் வுட்ஸ்டாக் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம், நாலு லட்சத்துக்கும் மேல். வேலி சாய்ந்துவிட்டது. டிக்கெட் என்ற பேச்சே போய்விட்டது. சாலைகள் அடைத்துக்கொள்ள, பாட வேண்டியவர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். மாலை ஐந்து மணி தாண்டி ரிச்சி ஹேவன்ஸ் முதலில் பாடினார். மற்றவர்கள் வந்து சேராததால் தனக்குத் தெரிந்ததையெல்லாம் பாடித் தீர்த்தார். அவருக்கு அடுத்து மேடையில் வந்து உட்கார்ந்தவர் சச்சிதானந்தா.

பின்னாலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. காவி முதுகு, தோளில் புரளும் முடி, எதிரே மலைச்சரிவு முழுக்க மனிதத் தலைகள். முகம் தெரியாது. நான் அந்தப் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேசியது பத்து நிமிஷம் போல. இசை என்கிற ஒலிக்கு இருக்கும் சக்தியைப் பற்றிப் பேசினார். பொருளால் உலகுக்கு உதவிய அமெரிக்கா இனி ஆன்மிகத்தாலும் உதவ வேண்டும் என்றார். பிறகு எல்லோரையும் சேர்த்து மந்திரம் சொல்ல வைத்தார். உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் வயதில் இருந்தவர்கள். மழை, சேறு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த மூன்று நாளும் பெரிய அடிதடி ஏதுமில்லாமல் முடிந்தது. அது அவரால்தான் என்று சீடர்கள் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை.

என்னை உறுத்தியது வேறு. அவர் ரசிகர் அல்ல. அந்தக் கூட்டம் எதைத் தின்று, எதைப் புகைத்து, எதைக் கேட்டுப் பரவசப்பட்டதோ, அது தற்காலிகம், அதிலிருந்து வெளியே வாருங்கள் என்று சொல்வதற்காகவே அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தவர். அன்றிரவு மழையில் வாசித்த ரவி சங்கரும் அப்படித்தான். 1967-இல் மான்டரேயில் ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்தியதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். வுட்ஸ்டாக் சேற்றில் கிடந்த கூட்டம் அவருக்கு நம்மூர் எருமைகளை நினைவூட்டியதாம். ஆக, என் கோயிலின் வாசலில் நின்ற நம்மாட்கள் இரண்டு பேரும் அந்தச் சாமியைக் கும்பிடவில்லை. அப்பா சொன்னதையே இவர்களும் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது.

*

வுட்ஸ்டாக் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் கணக்கு தீர்ந்தது. 1970 செப்டம்பரில் ஹெண்ட்ரிக்ஸ், அக்டோபரில் ஜானிஸ் ஜாப்ளின், 1971 ஜூலையில் டோர்ஸின் ஜிம் மாரிசன். மூன்று பேருக்கும் வயது 27. இதைச் சின்ன வயதில் காவியமாகப் படித்தேன். இப்போது அவர்களைவிட எனக்கு வயது கூடிவிட்டது. பிள்ளைகளாகத் தெரிகிறார்கள்.

இந்தச் சாவுகளுக்கு நடுவில், 1971 பிப்ரவரியில் ஓர் இசைத்தட்டு வந்தது. ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அது ராக் அல்ல, ஜாஸ். ஆனால் சைகடெலிக் ரசிகர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து சேரும் இடம். அவர் கணவர் ஜான் கோல்ட்ரேன், ஜாஸின் மாமேதை, 1967 ஜூலையில் இறந்தார். நாலு குழந்தைகளோடு நின்ற ஆலிஸ் தூக்கமில்லாமல், உடம்பு கரைந்து, நிலைகுலைந்து போனார். அப்போது அவருக்குப் பிடிமானமாகக் கிடைத்தவர் சச்சிதானந்தா. 1970 நவம்பரில் தன் வீட்டு ஸ்டுடியோவில் தட்டின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். டிசம்பரில் சுவாமியோடு இந்தியாவுக்குக் கிளம்பினார்.

முதல் பாட்டில் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். செசில் மெக்பீயின் பாஸ் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மேலே ஆலிஸின் ஹார்ப் தண்ணீர் மாதிரி இறங்கும். பிறகு ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன். எனக்கு இந்தத் தட்டு சீனியரின் சிடி காலத்திலிருந்தே பழக்கம். ‘சச்சிதானந்தா’ என்பதை ஏதோ வேதாந்தச் சொல் என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். அது ஆள் பெயர் என்றும், அந்த ஆள் நான் ரேஸ் பார்க்கப் போன ஊர்க்காரர் என்றும் தெரிந்தபோது ஏற்பட்டது பெருமையல்ல, கூச்சம்.

பெருமைப்பட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1991-இல் முன்னாள் சீடர்கள் சிலர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். அவர் மறுத்தார். இதை எழுதாமல் விட்டால் இது ஊர்ப்பெருமைக் கட்டுரையாகிவிடும். ஹெண்ட்ரிக்ஸையும் மாரிசனையும் கண்ணை மூடிக்கொண்டு நேசித்தவன் நான். இவரைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

*

இதையெல்லாம் கண்டுபிடித்த குஷியில் அப்பாவுக்கு போன் போட்டேன்.

“செட்டிபாளையத்துச் சாமியா? தெரியுமே. அமெரிக்கா போனவரு. அதுக்கென்ன?”

எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது வுட்ஸ்டாக் மட்டும்தான். விளக்கிச் சொன்னேன்.

“அங்க போயி என்ன, பாட்டுப் பாடுனாரா?”

“இல்லீங்ப்பா, பேசுனாருங். நாலு லட்சம் பேரு கேட்டாங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நாலு லட்சம் பேருக்கு சோத்துக்கு என்ன பண்ணுனாங்க?” என்றார்.

நான் அதுவரை யோசித்ததே இல்லை. தேடிப் பார்த்துச் சொன்னேன். ஹாக் ஃபார்ம் என்ற கூட்டுவாழ்வுக் குழுவினர் தானியங்களைக் கலந்து காகிதக் கோப்பைகளில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் சாண்ட்விச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் திருப்தியாகிவிட்டது. “அப்பறம் என்ன, நல்ல விசேஷந்தான்” என்றார். பதினைந்து வருஷம் நான் சொல்லிப் புரியவைக்க முடியாத வுட்ஸ்டாக்கை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

அதற்கடுத்த தைக்குள் அப்பா போய்விட்டார். பட்டறையை மூடினோம். மெஷினை ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு ராத்திரி, காலியாக நின்ற அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஆலிஸ் கோல்ட்ரேனைப் போட்டேன். மெக்பீயின் பாஸ் சுற்றிச் சுற்றி வந்தது. அது நிற்காதது எனக்குப் போதுமானதாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் செய்த பாட்டு இது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் லேத் என்று சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சச்சிதானந்தா 2002 ஆகஸ்ட் 19-இல் சென்னையில் இறந்தார். வர்ஜீனியாவில் அவர் உருவாக்கிய யோகாவில் என்ற ஊரில் அவரது சமாதி இருக்கிறது. அந்த இடத்துக்குச் சிதம்பரம் என்று பெயர். செட்டிபாளையத்திலும் தாமரை வடிவில் எல்லா மதங்களுக்குமாக ஒரு கோயில் இருக்கிறது. போன மாதம் அங்கே போனேன். கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது ரோட்டில் பையன் ஒருவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வண்டியில் என்னைத் தாண்டிப் போனான். என்ன கேட்கிறான் என்று தெரியவில்லை. கேட்கட்டும்.