தரங்கம்பாடிப் புகைவண்டி நிலையம்

பழைய அரபுக் கவிஞர்களிடம் ஒரு மரபு உண்டு. மக்கள் கூடாரம் பெயர்த்துச் சென்ற இடத்தில் வாகனத்தை நிறுத்தி, எஞ்சிய சுவடுகளைப் பார்த்து, அங்கு வாழ்ந்தோரை நினைந்த பின்னரே கவிதையைத் தொடர்வர். அச்சுவடுகளுக்கு ‘அத்லால்’ என்று பெயர். தரங்கம்பாடியில் புகைவண்டி நிலையம் இருந்த பக்கம் போகும்போதெல்லாம் நமக்கு அச்சொல்லே நினைவுக்கு வருகிறது.

தரங்கம்பாடி என்றவுடன் டேனியக் கோட்டையைச் சொல்வோர் பலர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் இங்குக் கால்கொண்டனர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு இவ்வூரிலேயே அச்சாயிற்று. 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். இவையெல்லாம் நூல்களில் ஏறிய செய்திகள்.

அதன்பின் ஊரின் தாழ்வுக்கு இருப்புப்பாதையும் ஒரு காரணமாயிற்று. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து பாதை போடப்பட்டு வண்டி ஓடத் தொடங்கியது. சரக்கு வண்டியைத் தேடிச் செல்லும். கப்பல் சரக்கைத் தேடிச் செல்லும். நாகை வளர்ந்தது; தரங்கை தளர்ந்தது.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குக் கிளைப்பாதை வந்தது 1926இல்தான். அன்று அந்நகரின் பெயர் மாயவரம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதை அது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியே கடற்கரையை அடைந்தது. ஆனால் அதற்குள் துறைமுகத்தின் காலம் கடந்துவிட்டது. கப்பல் சரக்குக்காக அல்லாமல், கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் போகின்ற எளிய மக்களுக்காகவே அவ்வண்டி ஓடிற்று.

நீடூர் மதரஸாவில் ஓதிய சிறுவயதில் நாமும் அதில் சென்றதுண்டு. விடுமுறை விட்டதும் தகரப்பெட்டியுடன் மயிலாடுதுறையில் வண்டி மாறி, ஆக்கூரில் இறங்குவோம். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் அதில் ஏறியவுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது போன்ற நிம்மதி பிறக்கும்; பெட்டியில் பாதிப்பேர் தெரிந்த முகங்களாயிருப்பர்.

சாலைகள் பெருகின, பேருந்துகள் பெருகின. 1986இல் கிளைப்பாதை மூடப்பட்டது. பின்னர்த் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. அறுபது ஆண்டுகளே அதன் ஆயுள். வரவு செலவுக் கணக்கில் அது நட்டமாக இருந்திருக்கலாம். குறைந்த கட்டணத்தில் மூட்டையோடும் பிள்ளைகளோடும் சென்ற ஏழைத் தாய்க்கு அது தந்த உதவியை எழுத அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

கோட்டைக்கு வரலாறு எழுத அறிஞர் பலர் இருக்கின்றனர். இந்தப் பாதைக்கோ அதில் பயணம் செய்த பெரியவர்களின் நினைவே ஏடு. அவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகின்றனர். யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று பெயரோடு பதிந்து வைப்பது நம் முன்னோர் காட்டிய வழி. அப்பகுதி வாசகர்கள் இன்றே தம் இல்லத்து மூத்தோரிடம் அமர்ந்து கேட்டு எழுதி வைப்பார்களாக. சுவடு அழிந்த பின் நின்று வருந்துவதைவிட அதுவே மேல்.