நாய்க்குட்டியும் நல்லொழுக்கமும்



விருந்தினர் வந்திருக்கும் வேளையில் வீட்டு நாய்க்குட்டி செய்யும் சில செயல்கள் நம்மைத் தலைகுனிய வைக்கின்றன. புதியவர்மீது தாவி வெள்ளை வேட்டியில் சேற்றுக்கால் பதிக்கும்; மகிழ்ச்சி மிகுதியால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிக்கும்; வந்தவர் காலைக் கட்டிப்பிடித்து ஏறி, பார்ப்போர் முகம் திருப்பும்படி நடந்துகொள்ளும். இச்செயல்களுக்காக அடிபட்ட குட்டிகள் பல. தெருவில் விடப்பட்ட குட்டிகளும் உண்டு. இவற்றை மனிதர் திருத்த முயன்ற வரலாறு, பல்லாண்டு பள்ளியில் பணியாற்றிய எனக்குப் பிரம்பின் வரலாற்றையே நினைவூட்டுகிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் தார்ண்டைக்கின் பெயரை அறிவர். 1898-இல் அமெரிக்க அறிஞரான அவர், பூனைகளையும் நாய்களையும் கூண்டில் அடைத்து, அவை வெளியேறக் கற்கும் விதத்தை ஆராய்ந்தார். இன்பம் தரும் விளைவையுடைய செயல் மீண்டும் நிகழும் என்பது அவர் கண்ட விளைவு விதி. நாய்களை ஆராய்ந்து கண்ட விதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்த நாம், அதை நாய்க்கே திருப்பித் தர நெடுங்காலம் மறந்திருந்தோம்.

ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கான்ராட் மோஸ்ட் 1910-இல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாட்டையும் முள்பட்டையும் அவர் முறையில் இடம்பெற்றிருந்தன. ஆயினும், நாய்க்கு மனிதரின் ஒழுக்கநெறி விளங்காது என்பதையும், பரிசோ தண்டனையோ செயலோடு உடனுக்குடன் சேரவேண்டும் என்பதையும் அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். பின்வந்தோரில் பலர் சாட்டையை வைத்துக்கொண்டு, இந்த அறிவுரையைக் கைவிட்டனர். குட்டி அசுத்தம் செய்து ஒரு நாழிகை கழிந்தபின் அதன் மூக்கை அதில் தேய்க்கும் வழக்கம் அவ்வாறு நிலைத்ததே.

1951-இல் ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர், ஒரு சிறு ஒலியையும் அதைத் தொடர்ந்து ஒரு துண்டு உணவையும் கொண்டே விலங்குகளுக்குக் கற்பிக்கலாம் என்று பொதுமக்களுக்கு எழுதிக் காட்டினார். 1965-இல் ஸ்காட், புல்லர் என்னும் இருவர், தங்கள் நீண்டகால ஆய்வின் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். குட்டி பிறந்த 3-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரம் வரை உள்ள காலமே பிறரோடு பழகக் கற்கும் சிறந்த பருவம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இனி அச்செயல்களின் பொருளைக் காண்போம். தாவுவது, தாயின் வாயை நக்கி உணவு கேட்ட பழக்கத்தின் தொடர்ச்சி. சிறுநீர் கழிப்பது பெரும்பாலும் பணிவின் அடையாளம். அதட்டினால் அது மிகும். காலில் ஏறுவது ஆண், பெண் என்னும் இருபால் குட்டிகளிடமும் விளையாட்டிலும் கிளர்ச்சியிலும் தோன்றுவது. காமம் என்றே கொள்ளவேண்டியதில்லை.

“தப்பு செய்தது அதற்குத் தெரியும், முகத்தைப் பாருங்கள்” என்பார் சிலர். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் இதையே சோதித்தார். அந்தக் குற்ற முகம், நாய் தவறு செய்ததைப் பொறுத்துத் தோன்றவில்லை. வளர்ப்பவர் கடிந்ததைப் பொறுத்தே தோன்றியது. தவறே செய்யாத நாயும் திட்டப்பட்டபோது அம்முகம் காட்டிற்று. நாம் நாணம் என்று படித்தது அச்சத்தை.

அப்படியாயின் என் செய்வது? தாவும் குட்டியைப் பார்க்காமல் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பதிந்தவுடன் தடவிக்கொடுங்கள். சிறுநீர் விடும் குட்டியைக் குனிந்து மிரட்டாமல், வாசலுக்கு வெளியே அமைதியாக வரவேற்றுக்கொள்ளுங்கள். வளர வளரப் பெரும்பாலும் அது தானே நீங்கும். காலில் ஏறினால் சத்தமின்றி விலக்கி, உட்காரச் சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு தின்பண்டம் தாருங்கள். இப்பழக்கம் திடீரென மிகுந்தாலோ, சிறுநீர்த் தொல்லை நீடித்தாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டார் சிரிக்கக் கூடாது. வகுப்பில் குறும்பு செய்யும் மாணவனை வளர்ப்பது பிற மாணவரின் சிரிப்பே என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்; குட்டிக்கும் அச்சிரிப்பு ஒரு பரிசுதான்.

விருந்தினர்முன் நமக்கு உண்டாகும் வெட்கம் நம்முடையது. அதன் கடனைக் குட்டியின் முதுகில் தீர்ப்பது நீதியன்று.