பேராசிரியர் ஆவது எப்படி? நெய்யூர் முதல் ஆசாரிபள்ளம் வரை

இன்னிக்கு எபிசோடுக்கு ஒரே கேள்விதான். மருத்துவக் கல்லூரியில பாடம் நடத்துற ஒருத்தரை, 'இவர் உதவிப் பேராசிரியர், இவர் இணைப் பேராசிரியர், இவர் பேராசிரியர்'னு எதை வெச்சு முடிவு பண்றாங்க?

நம்ம ஐடி ஆட்களுக்கு ப்ரமோஷன்னாலே ஆயிரம் புலம்பல் இருக்கும். ஆனா நம்மகிட்ட தப்பான ஆளை லீட் ஆக்கினா, பெரும்பாலும் ஒரு ரிலீஸ் சொதப்பும். மருத்துவக் கல்லூரியில தப்பான ஆளை ஆசிரியர் ஆக்கினா, அவர்கிட்டப் படிச்சு வர்றவங்க முப்பது நாப்பது வருஷம் நோயாளிகள் உடம்புல கை வைக்கப்போறாங்க.

கதையை நெய்யூர்ல இருந்து தொடங்குவோம். இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அன்னிக்குத் தெற்குத் திருவிதாங்கூர். 1838லயே லண்டன் மிஷன் அங்க மருத்துவ வேலையைத் தொடங்கிருச்சு. 1861ல ஜான் லோங்கிற டாக்டர் அங்க வர்றார். தனி ஆளா அவ்வளவு கூட்டத்தைப் பார்க்க முடியாதுன்னு, உள்ளூர்ப் பையன்கள் சிலரைச் சேர்த்து ஒரு வகுப்பு நடத்துறார். அவங்க படிச்சு முடிச்சதும் சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்த கிளை மருந்தகங்களைப் பார்த்துக்கிட்டாங்க. பல்கலைக்கழகம் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. யாருக்கு வேலை தெரியுமோ அவரே வாத்தியார்.

இதே நெய்யூருக்கு 1922ல இன்னொருத்தர் வர்றார். ஹோவர்ட் சாமர்வெல். ஜெயமோகனோட 'அறம்' தொகுப்புல 'ஓலைச்சிலுவை' படிச்சவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும். கேம்பிரிட்ஜ்ல படிச்சவர், எஃப்.ஆர்.சி.எஸ். முடிச்ச சர்ஜன். அந்த வருஷ எவரெஸ்ட் பயணம் முடிஞ்சு இந்தியாவைச் சுத்திப் பார்க்கக் கிளம்பி, குமரி வரைக்கும் வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில நீளமான வரிசை நின்னுச்சு. அதுக்கு இருந்தது ஒரே ஒரு சர்ஜன். லண்டன்ல காத்திருந்த எதிர்காலத்தை விட்டுட்டு, இங்கேயே வேலை பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினார். நடுவுல 1924ல இன்னொரு தடவை எவரெஸ்ட். மத்தபடி கால் நூற்றாண்டு தெற்குத் திருவிதாங்கூர்தான். இந்தப் பக்கம் டியோடினல் அல்சர் ரொம்ப அதிகம். அந்த ஆபரேஷனை ஆயிரக்கணக்குல பண்ணினார். அதைப் பத்தி பிரிட்டிஷ் சர்ஜரி இதழ்ல எழுதவும் செஞ்சார்.

இப்ப கொஞ்சம் வடக்கே, சென்னை மாகாணத்துல இருந்த வேலூருக்குப் போவோம். சாமர்வெல் கதை அங்கதான் நம்ம கேள்வியோட வந்து முட்டுது.

வேலூர்ல ஐடா ஸ்கடர் 1918ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தாங்க. அங்க கொடுத்தது எம்.பி.பி.எஸ். இல்ல, எல்.எம்.பி.ங்கிற சான்றிதழ். அந்தக் காலத்துல டாக்டர்கள்லயே ரெண்டு படி இருந்துச்சு. பட்டம் வாங்கினவர் மேல, எல்.எம்.பி. கீழ. 1937 வாக்குல, இனிமே எல்.எம்.பி. படிப்பு வேண்டாம், மருத்துவம்னா எம்.பி.பி.எஸ். மட்டும்தான்னு சென்னை அரசு முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான். ஏழை நோயாளிக்கு மட்டும் ஏன் குறைஞ்ச படிப்பு படிச்ச டாக்டர்?

ஆனா வேலூருக்கு அது தலைக்கு மேல வெள்ளம். எம்.பி.பி.எஸ். நடத்தணும்னா கட்டடம், படுக்கைகள் மட்டும் போதாது. ஒவ்வொரு துறைக்கும் உயர்பட்டம் வாங்கின பேராசிரியர் வேணும். கிடைக்கலைன்னா கல்லூரியே இல்ல. நல்ல வேலைக்காரங்கன்னு பேர் வாங்கினவங்க இருந்தும், காகிதத்துல அந்தத் தகுதி வேணும். 1942லதான் சென்னைப் பல்கலைக்கழக இணைப்பு கிடைச்சது. ராபர்ட் காக்ரேன் மாதிரி ஆட்கள் உயர்பட்டம் வாங்கின டாக்டர்களைத் தேடித்தேடிச் சேர்த்தாங்க. பால் பிராண்ட் 1946ல அங்க வந்தது அப்படித்தான். அவர் அங்க செஞ்ச தொழுநோய்க் கை அறுவை சிகிச்சையை உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு கண்டிப்பான விதி ஒரு கல்லூரியை மூச்சுத் திணற வெச்சது. அதே விதிதான் அதைத் தூக்கியும் விட்டது.

இந்த வேலூருக்குத்தான் 1949 வாக்குல சாமர்வெல் போறார். வயசு அறுபதை நெருங்கியாச்சு. அவருக்குக் கிடைச்ச பதவி, அறுவை சிகிச்சைத் துறையில இணைப் பேராசிரியர். 1961 வரைக்கும் அங்க இருந்தார்.

இதே ஆளை 2025க்கு முன்னாடி இருந்த விதியில போட்டுப் பாருங்க. தேசிய மருத்துவ ஆணையத்தோட 2022 விதிப்படி, பிஜி முடிச்சு ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்டா இருந்தா உதவிப் பேராசிரியர். அங்க 4 வருஷம், 2 ஆய்வுக் கட்டுரை இருந்தா இணைப் பேராசிரியர். அப்புறம் 3 வருஷம், மொத்தம் 4 கட்டுரை இருந்தா பேராசிரியர். கற்பிக்கிறது எப்படின்னு ஒரு குறுகிய பயிற்சி, ஆராய்ச்சிக்கு ஒரு அடிப்படைப் பயிற்சி. சாமர்வெல்கிட்ட கட்டுரை உண்டு. ஆனா நெய்யூர் மருத்துவக் கல்லூரி இல்லையே! அந்தக் கால் நூற்றாண்டும் கணக்குல வராது. அடிப்படியில இருந்து ஏறணும்.

2025ல இந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 220 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனையில 10 வருஷம் வேலை பார்த்த சிறப்பு மருத்துவர், கல்லூரியில பாடம் நடத்தாதவரா இருந்தாலும், இணைப் பேராசிரியர் ஆகலாம். 2 வருஷம் இருந்தா உதவிப் பேராசிரியர் ஆகலாம். காரணம் வெளிப்படை: அஞ்சு வருஷத்துல 75,000 மருத்துவ இடங்களைக் கூட்டப்போறோம்னு மத்திய அரசு 2024ல சொல்லியிருக்கு. இத்தனை பேருக்குப் பாடம் நடத்த ஆள் வேணும். ஆனா மிஷன் ஆஸ்பத்திரி அரசு மருத்துவமனை இல்லையே. அதனால இந்த வழியிலயும் சாமர்வெல் உள்ள வர முடியாது!

கவனிச்சீங்களா? நெய்யூர் வகுப்பும் ஆள் பற்றாக்குறையில பிறந்ததுதான், 2025 விதியும் ஆள் பற்றாக்குறையில பிறந்ததுதான். நடுவுல வேலூர்ல மட்டும், 'தரம் முதல்ல, ஆளை அப்புறம் தேடு'ன்னு விதி நின்னுச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. வார்டுல பத்து வருஷம் நின்ன டாக்டர்கிட்ட மாணவர்களுக்குக் கிடைக்கிறது எந்தக் கட்டுரையிலயும் கிடைக்காது. ஆனா நல்லா ஆபரேஷன் பண்றவர் எல்லாரும் நல்லா சொல்லிக்கொடுப்பாங்கன்னு எந்தச் சட்டமும் இல்ல.

என் உறுத்தல் இதுதான். பட்டம், வருஷம், கட்டுரை, இந்த மூணையும் எண்ண முடியும். அதனால எண்ணுறோம். ஒருத்தர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்ங்கிறதை, குறுகிய பயிற்சிச் சான்றிதழைத் தாண்டி, பதவி உயர்வுல யாரும் பார்க்கிறதில்ல. நாகர்கோவில் ஆசாரிபள்ளத்துல 2001ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ராத்திரி நேரத்துல குளச்சல்ல இருந்தோ மார்த்தாண்டத்துல இருந்தோ அங்க ஓடுற நோயாளிக்கு, பேராசிரியரோட நாலு கட்டுரை தெரியாது. முதல்ல வந்து பார்க்கிற பயிற்சி டாக்டருக்கு நாடி பிடிக்க, வயித்தை அமுக்கிப் பார்க்க யாரோ பொறுமையா கத்துக்கொடுத்தாங்களாங்கிறதுதான் அவருக்கு முக்கியம். விதியைத் தளர்த்துறதா இருந்தாலும் இறுக்குறதா இருந்தாலும், முதல்ல எண்ணக் கத்துக்க வேண்டியது அதைத்தான்.

மருத்துவம் படிக்கிற நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்களுக்கு நல்லா சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எந்தப் பதவியில இருந்தார்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.